ஊர் முகவரிக்கு ஒரு பிரதி

வேலைநீக்கக் கடிதத்தில் ‘வருந்துகிறோம்’ என்ற சொல் வரக்கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. யாரும் வருந்தவில்லை என்பது அதை வாங்குகிறவருக்குத் தெரியும், எழுதுகிற எனக்கும் தெரியும். ‘தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற கடைசி வரியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்ன எதிர்காலம், என்ன சிறப்பு? புதிதாக வந்த அசிஸ்டென்ட் ஒருத்தி ஒருமுறை அந்த வரியைச் சேர்த்து டைப் செய்து கொண்டுவந்தாள். நான் போட்ட சத்தத்தில் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

துபாயில், அல் குசைஸில், கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றின் ஹெச்.ஆர். வேலையைப் பார்க்கிறேன். ஏசி, பிளம்பிங், லிஃப்ட், கிளீனிங் என்று பெரிய கட்டடங்களுக்கு நாங்கள் ஆள் அனுப்புவோம். ஒரு கான்ட்ராக்ட் கிடைத்தால் ஐம்பது பேருக்கு வேலைக் கடிதம் எழுதுவேன். கான்ட்ராக்ட் கைவிட்டுப் போனால் அதே ஆட்களுக்கு மற்றக் கடிதத்தை எழுதுவதும் நான்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. சொந்த ஊர் குமரிக் கடற்கரை. கணவர் ஓமனில், சோஹார் துறைமுகத்தில் டெக்னீசியன். மாதத்தில் ஒரு வாரக்கடைசி சேர்ந்திருப்போம். அப்போதும் நான் தூங்கித்தான் கழிப்பேன் என்று அவருக்கு ஒரு குறை.

போன வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு பெரிய கான்ட்ராக்ட் போனது. பதினோரு பேருக்கு வேலை இல்லை என்று பட்டியல் வந்தது. மேனேஜர் வடக்கத்திக்காரர், பேச்சு எல்லாம் இந்திதான். பட்டியலை என் மேசையில் போட்டுவிட்டு நின்றபடியே சொன்னார்.

“சப்கோ லீவ் பே பேஜ் தோ மேடம். உதர் ஸே கேன்சல். கலாஸ்.”

எல்லாரையும் லீவில் ஊருக்கு அனுப்பிவிடு, அங்கே இருக்கும்போதே விசாவைக் கேன்சல் செய்துவிடலாம், தீர்ந்தது கதை என்று அர்த்தம். வளைகுடாவில் இது ஒன்றும் புதிதல்ல. லீவில் போகிறவர் கட்டிலையும் போர்வையையும் ரைஸ் குக்கரையும் ரூமில் விட்டுவிட்டு, சென்ட் பாட்டிலும் பால்பவுடரும் தைலமும் கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். இரண்டு மாதம் கழித்து, ‘கூப்பிடுகிறோம், பொறுங்கள்’ என்பார்கள். அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். கேன்சலில் போகிறவர் அப்படி இல்லை. அவருக்குத் தெரியும். ரைஸ் குக்கரையும் சேர்த்துக் கட்டுவார். ரூமில் இருப்பவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே இவர் லீவா, கேன்சலா என்று சொல்லிவிடுவார்கள்.

நான் முடியாது என்று சொன்னேன். லீவில் இருக்கும் ஆளுக்கு நோட்டீஸ் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்காது, யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் லேபர் ஆபீசில் போய் நிற்கப்போவது நீங்கள்தான் என்றேன். சட்டத்தைச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். என் மனதில் இருந்தது வேறு. ஒரு மனிதனைப் போகச் சொல்வதானால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக்கூடத் துப்பில்லாதவர்கள் ஆபீஸ் வைத்து நடத்தக்கூடாது. இதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியாததால் என் வேலை தப்பித்தது.

என் கடிதம் ஒரே பக்கம். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. இரண்டும் முரண்பட்டால் அரபிதான் செல்லும். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்: இன்ன காரணத்தால் உங்கள் பணியிடம் இல்லாமல் போகிறது, இன்ன தேதி உங்கள் கடைசி நாள். காரணத்தை உள்ளபடி எழுத வேண்டும். ‘நிர்வாகச் சீரமைப்பு’ என்று பூசி மெழுகக் கூடாது. நோட்டீஸ் காலத்தில் வேலை தேடுவதற்கு வாரம் ஒரு நாள் லீவு, ஊருக்கு டிக்கெட், சேவைக்கான சான்றிதழ், எல்லாம் அதில் இருக்கும். இது உங்கள் வேலையைப் பற்றிய குறை அல்ல என்று ஒரு வரி, அது உண்மையாக இருந்தால் மட்டும். கேள்வி இருந்தால் யாரிடம் வர வேண்டும் என்று என் அறை எண். கடைசியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு கோடும். அந்தக் கோட்டில் கையெழுத்து விழுந்தால்தான் கடிதத்துக்கு உயிர்.

இன்னொரு விதியும் உண்டு. அதுதான் இந்தக் கதைக்குக் காரணம். கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஒரு பிரதி கூரியரில் ஊர் முகவரிக்குப் போய்விடும். இங்கே யாருக்கும் வீட்டுக்குத் தபால் வராது. தபால் பெட்டி எண்தான். எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் கம்பெனியின் பெட்டிதான் பெட்டி. தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கிற ஒருவருக்கு நான் கடிதம் அனுப்பினால் அது சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வரும். அவருக்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே முகவரி, ஃபைலில் உள்ள ஊர் முகவரிதான்.

அந்த விதியை நானாகத்தான் சண்டை போட்டுக் கொண்டுவந்தேன். பல வருடம் முன்பு வேலை போன ஒருவர் அதை வீட்டில் சொல்லவில்லை. இங்கேயே எங்கோ ஒளிந்து கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து அவர் மனைவி ஆபீசுக்குப் போன் செய்து, “அவரு டூட்டில இருக்காரா, கொஞ்சம் கூப்பிடுங்க” என்று கேட்டார். அந்தப் போனை எடுத்தது நான். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி வீட்டுக்குத் தெரியாமல் ஒருவருடைய வேலையும் போகக்கூடாது என்று. கம்பெனி வக்கீலும் சாட்சியத்துக்கு நல்லது என்று தலையாட்டினார். ஒரே விதியில் சட்டமும் கருணையும் சேர்ந்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பதினோரு பேரில் ஒருவர் ஏசி டெக்னீசியன். சிவகங்கைப் பக்கம். கம்பெனியில் பத்தொன்பது வருடம். என் அறை ஏசியில் தண்ணீர் சொட்டினால் புகார்ச் சீட்டு எதுவும் இல்லாமலே வந்து பார்த்துவிட்டு, “பதினெட்டுல வைக்காதீங்க மேடம், அது அழுவுது” என்று என்னைத் திட்டிவிட்டுப் போகிறவர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். கம்பெனியிலேயே அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான்தான்.

அன்று காலையில் பதினோரு கடிதமும் கையெழுத்தாகின. மத்தியானம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடிதத்தைக் கையில் கொடுக்கும் முன்னால் வாயால் சொல்லிவிடுவது என் பழக்கம். அவர் ஐந்தாவதாக வந்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“நீங்க உக்காரச் சொன்னாலே கேன்சல்தான்னு ரூம்ல பேசிக்குவாய்ங்க மேடம்” என்றார் சிரித்துக்கொண்டே. உட்கார்ந்த பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சிரிப்பை நிறுத்தினார்.

சொன்னேன். கான்ட்ராக்ட் போனதைச் சொன்னேன், ஒரு மாத நோட்டீஸ் என்றேன், உங்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்றேன். அவர் சுவரில் இருந்த ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசி நாள் எது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

“அதுக்கு மூணா நாளு எம்பொண்ணு கல்யாணம் மேடம்.”

தை மாதத்தில் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பதினோரு ஃபைல்களை ஒரே நாளில் முடித்தால் இப்படித்தான்.

“மொதல்ல ஒரு சம்பந்தம் பேசி வச்சிருந்தோம்” என்று சொல்லத் தொடங்கினார். “கொரோனா டயத்துல கம்பெனி என்னைய ஆறு மாசம் ஊருல உக்கார வச்சுச்சுல்ல, அப்ப. வேல போயிருச்சுபோலன்னு பேச்சாகி, அவுங்க அப்பிடியே ஒதுங்கிட்டாங்க. பொண்ணு ஒரு வார்த்த பேசல. ஆனா ரொம்ப நாளு வெளியிலயே வரல. இது ரெண்டாவது மேடம். இதுவும் போச்சுன்னா அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

கடிதக் கட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

“ஊருல போய் எறங்குனதும் எப்ப வந்தேம்பாங்க, அடுத்த வார்த்த எப்பப் போறேம்பாங்க. அதுக்கு ஒரு பதிலு வேணும். என்னைய லீவுல அனுப்பிருங்க மேடம். ரிட்டன் டிக்கெட்டு கையில இருந்தாப் போதும். கல்யாணத்த முடிச்சிட்டு வந்து நானே இந்தப் பேப்பர வாங்கிக்கிறேன். தங்கச்சியா நெனச்சுக் கேக்குறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எதை இந்த மனிதருக்கு நேரக்கூடாது என்று பட்டியல் வந்தபோது மேனேஜரிடம் கத்தினேனோ, அதையே அவர் வந்து கையேந்திக் கேட்கிறார். லீவில் அனுப்பு, கேன்சலில் அனுப்பாதே. மேனேஜர் சொன்னதும் அதுதானே?

“என்னத்துக்கு அண்ணாச்சி பொய்யில ஒரு கல்யாணம்? நாளைக்குத் தெரியத்தானே செய்யும்?” என்றேன் வெடுக்கென்று. சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“தெரியட்டும் மேடம். தாலி கட்டுனதுக்கு அப்புறம் தெரியட்டும்.”

மேனேஜரிடம் போனேன். இவருக்கு லீவு பாக்கி இருக்கிறது, லீவுக்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்கவில்லை, நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்ததும் கொடுப்போம், சட்டப்படி சரியாக இருக்கும், ரிட்டன் டிக்கெட் போட வேண்டும், நடுவில் கேன்சல் என்ற பேச்சே கூடாது என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நானும் லீவில் அனுப்பத்தானே சொன்னேன் மேடம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினேன். திரும்பி வந்து, அவருடைய கடிதத்தை மட்டும் கட்டிலிருந்து உருவி என் டிராயரில் பூட்டினேன். நான்கு நாள் கழித்து அவர் விமானம் ஏறினார். ரைஸ் குக்கரை ரூமிலேயே விட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் கூரியர் ரசீதுகள் ஃபைலில் போடுவதற்காக என் மேசைக்கு வந்தன. சும்மாதான் எண்ணினேன். பத்து இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது.

கடிதங்களை அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்க்கிற நேபாளக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்தான அன்றே பிரதி போக வேண்டும் என்பது நான் போட்ட விதி. அவர் அதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார். அண்ணாச்சி என் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தபோதே கடிதம் அவருக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பிவிட்டது. அசலைப் பூட்டி வைத்த எனக்குப் பிரதியின் ஞாபகமே வரவில்லை. கோபத்தில் இருக்கும்போது நான் செய்கிற வேலை எப்போதும் பாதிதான் இருக்கும் என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான் என்று அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ரசீது எண்ணைப் போட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டது. ‘வாங்கியவர்: குடும்ப உறுப்பினர்’ என்று இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் பாக்கி.

அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

“பத்திரிக வைக்கப் போய்க்கிட்டு இருக்கேன் மேடம். சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வீட்டுக்கு ஏதாவது கவர் வந்துச்சா?”

“கவரா? ஒண்ணும் வரலையே மேடம். நாந்தான் நாளெல்லாம் வெளியில அலையுறேன். வீட்டுல கேக்கட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்! கேக்காதீங்க” என்று நான் போட்ட சத்தத்தில் அசிஸ்டென்ட் திரும்பிப் பார்த்தாள். “நம்ம ஆபீஸ் பேப்பர்தான். வந்தா அப்படியே எடுத்து வைங்க.”

போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். அவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரைத் தவிர இரண்டே பேர். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. பெண் பி.காம்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் கண்ணை மூடினால் கூரியர் ரசீதுதான் தெரிந்தது. ஒருவேளை கவரைப் பிரிக்காமல் மேசையில் போட்டிருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றும். பிரித்து, படித்து, அக்கம்பக்கம் தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து முற்றத்தில் நிற்பதாக மறுநாள் தோன்றும். இன்னொரு முறை போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை யோசித்தேன். சொன்னால் கல்யாணத்தை ரசிக்கக்கூட அவருக்கு மனம் இருக்காது. சொல்லாவிட்டால் தெரியாமலே போய் மாட்டிக்கொள்வார். எவ்வளவு கவனமாக எழுதிய கடிதம்! சட்டத்தில் ஓட்டை இல்லை, பேச்சில் முள் இல்லை. அதுவே போய் ஒரு வீட்டின் வாசலில் உட்கார்ந்துகொண்டது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மணமக்கள் மாலையோடு நிற்கிறார்கள், பக்கத்தில் அவர் பட்டு வேட்டியில், வாயெல்லாம் பல். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மற்றப் பத்துப் பேரின் சான்றிதழ்களை அச்செடுத்தேன்.

சொன்ன தேதியில் அவர் திரும்பி வந்தார். யூனிஃபார்ம் போடவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டை. கையில் ஒரு டப்பா லட்டு, கூடவே ஒரு பழுப்புக் கவர். நான் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.

“நல்லபடியா முடிஞ்சுச்சு மேடம். ஒரு கொறையும் இல்ல. எப்பப் போறேன்னு கேட்ட அத்தன பேருக்கும் டிக்கெட்டக் காட்டிப்புட்டேன்.” அப்புறம் கவரை மேசை மேல் நகர்த்தினார். “அன்னைக்குப் போன்ல கேட்டீங்கல்ல, ஒரு கவரு. இதான் போல.”

“யாரு குடுத்தா?”

“பொண்ணுதான். நான் கெளம்புறப்பப் பெட்டியில வச்சுச்சு. ஆபீஸ் பேப்பருப்பா, மேடம் கையில குடுத்துருங்கன்னுச்சு. கூரியர் பை மழையில நனஞ்சு போச்சாம், வேற கவர்ல போட்டு ஒட்டியிருக்கு.”

கவரின் நான்கு ஓரத்திலும் கோந்து தடவி அழுத்தமாக ஒட்டியிருந்தது. மேலே என் பதவியும் கம்பெனி பெயரும் பிசிறில்லாத ஆங்கிலக் கையெழுத்தில். அதை மடியில் வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழேயே கிழித்துப் பார்த்தேன்.

என் கடிதம்தான். நனைந்த அடையாளமே இல்லை. ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லின் பக்கத்தில் இருக்கும் கோட்டில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்பா பெயரின் இனிஷியலோடு முழுப் பெயர். கீழே தேதி. ஒரு பிரதியில் கையெழுத்திட்டு ஆபீசுக்குத் திருப்பித் தரவும் என்று நான் எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறாள். கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் முன்னால் போட்ட கையெழுத்து. அதற்குக் கீழே தமிழில் சின்ன எழுத்தில் நான்கு வரி.

‘மேடம், இதைப் படித்தேன். மாப்பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் பரவாயில்லை என்றார், அவர் வீட்டிலும் அவரே சொல்லிவிட்டார். அப்பா எங்கள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தார், அப்படியே இருக்கட்டும்.’

இரண்டு முறை படித்தேன். பட்டு வேட்டியோடு அவர் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டு நின்றதும், அதைப் பார்த்து எல்லாரும் தெரியாதது போலத் தலையாட்டியதும் என் கண்முன் வந்தன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிரிச்சுப் பாத்துருக்குமா மேடம்?”

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்திலும் நான் பொய் எழுதியதில்லை. அதை வைத்துத்தான் இந்த வேலையில் நான் என்னைச் சகித்துக்கொண்டு வந்தேன்.

“இல்ல அண்ணாச்சி. உள்ள நம்ம ஆபீஸ் கவரு ஒட்டுனது ஒட்டுனபடியேதான் இருந்துச்சு.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். தோள் இரண்டும் தளர்ந்தன.

“அதானே. பயந்தே போனேன். அது ஒண்ணும் தெரியாத புள்ள மேடம்.”

கையெழுத்தான பக்கத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பழைய தேதி போட்ட கடிதம் செல்லாது. புதிதாகத் தேதி மாற்றி அச்செடுத்து, மேனேஜரின் கையெழுத்தோடு கொண்டுவந்து, அவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காரணம், கடைசி நாள், வாரத்தில் ஒரு நாள் லீவு, டிக்கெட். ‘இது உங்கள் வேலையைப் பற்றிய குறை அல்ல’ என்று சொன்னபோது தலையாட்டினார். கோட்டில் தமிழில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயரின் முதல் எழுத்துதான் மகளின் இனிஷியல். எழுந்து, போகிற போக்கில் ரிமோட்டை எடுத்து ஏசியை இருபத்து நாலில் வைத்துவிட்டு, லட்டு சாப்பிடுங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் டெஸ்பாட்ச்காரர் வந்து, ஊர் முகவரிக்குப் பிரதியை அனுப்பவா என்று இந்தியில் கேட்டார். வேண்டாம், அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. விதி விதிதானே என்பதுபோல நின்றுகொண்டிருந்தார். அவரைப் போகச் சொல்லிவிட்டு ஃபைலின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். ஊரில் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. ‘மகள்’ என்று எழுதி ஃபைலை மூடினேன்.